பொருள்: புரோஜெக்ஷனல் எடிட்டர் – வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

[சுங்கை சிப்புட், ஆசிரியை]
வணக்கம். மாலை வகுப்பில், சொந்தமாகக் கணினி மொழி உருவாக்க உதவும் ஜெட்பிரெயின்ஸ் எம்.பி.எஸ். மென்பொருளைக் கொண்டு ஒரு மாதிரித் திட்டம் போடுகிறோம். ‘பெரட்டு’ (எஸ்டேட்டில் விடியலில் ஆள் கணக்கெடுப்பது) என்று குட்டி மொழி. ஆள், நாள், வெட்டிய குலை என்று கருத்துருக்களை வரையறுத்துவிட்டால், ஒரே பதிவு மண்டோருக்கு (மேற்பார்வையாளர்) வாக்கியமாகவும் கிராணிக்கு (எழுத்தர்) அட்டவணையாகவும் தெரியும். சேமிப்பது எழுத்துகளை அல்ல, தொடரியல் மரத்தை, அதாவது பதிவின் உறுப்புகள் கிளைகளாகப் பிரிந்த அமைப்பை. திரையில் இருப்பது அதன் தோற்றம்தான். இப்படிப்பட்ட திருத்திதான் புரோஜெக்ஷனல் எடிட்டர். பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘தோற்றத் திருத்தி’ சரியா?

[ஈப்போ]
தங்கச்சி, வல்லொற்றைப் பாருங்க. பையன் ஒருத்தன் ‘த்’தை விட்டால் ‘தோற்ற திருத்தி’. போட்டியில் தோற்றது என்று ஆகிவிடும்! அதுவும் நன்னூலார் ‘தோன்றல் திரிதல் கெடுதல்’ மூன்றையும் விகாரத்தில் அல்லவா வைத்தார்? வெக்டர் பாடத்தில் புரோஜெக்ஷனுக்கு ‘வீழல்’ இருக்கவே இருக்கிறது. வீழல் திருத்தி. அப்புறம், ‘பெரட்டு’ தமிழே இல்லை. ‘வருகைக் கணக்கு’ என்று போடுங்கள்.

[கிள்ளான்]
புணர்த்தினால் ‘வீழற்றிருத்தி’, ஐயா. நாக்கு சுளுக்கும். தோற்பது வேண்டாமென்று வீழச் சொல்கிறீர்களே.

[தாப்பா]
தொகையை விரித்துப் பாருங்கள். தோற்றத்தைத் திருத்துவது என்றால் அது ஃபோட்டோஷாப். இங்கே தோற்றத்தின் வழியாக மரத்தைத் திருத்துகிறோம். மூன்றாம் வேற்றுமை, பிள்ளைகள் இரண்டாம் வேற்றுமையாகத்தான் படிப்பார்கள். 1981-லேயே கார்னெல் புரோகிராம் சிந்தசைசர் என்ற நிரல் திருத்தி, நிரலை மரமாகத்தான் திருத்தியது. ‘மரத் திருத்தி’ என்றே வைக்கலாம்.

[கிள்ளான்]
எஸ்டேட் பிள்ளைகளிடமா? மட்டை வெட்டுகிற கத்தியைக் கொண்டு வருவான்.

[சுங்கை சிப்புட், ஆசிரியை]
ஐயா, என் அப்பாயி விடியலில் ஓடியது பெரட்டுக்கு. வருகைக் கணக்குக்கு யார் ஓடினார்கள்? அது மாறாது. தாப்பா அண்ணன் சொன்ன வேற்றுமைக்காக ‘தோற்றவழித் திருத்தி’ என்று போடுகிறேன்.

[தாப்பா]
நீளம்தான். போகட்டும், சரி. தாளில் ஒரு வரி சேருங்கள்: எடிட்டர் வரையறையை (திரையில் எப்படித் தெரியவேண்டும் என்பதை) மாற்றினால் மொழியை மறுபடி பில்ட் செய்யணும், அதாவது இயங்கும் வடிவமாகக் கட்டணும். இல்லாவிட்டால் பழைய தோற்றமே நிற்கும், பிள்ளைகள் கணினியைத் திட்டுவார்கள்.

[கிள்ளான்]
எனக்கும் சரி. எப்படியும் வகுப்பில் ‘எடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவான்.

[ஈப்போ]
என் கட்சி வீழல்தான். நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.