ஐ2சி சென்சார் டிரைவரை லினக்ஸ் கெர்னலில் சேர்ப்பது: வி1 (முதல் பதிப்பு) திரும்பி வந்துவிட்டது, வி2-வில் என்ன செய்ய வேண்டும்?

கம்பிச்சுருள்:
வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் அளக்கும் ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) சென்சார். மெயின்லைனில் (அதிகாரபூர்வ மூலக் கெர்னலில்) இதற்கு டிரைவர் இல்லை. ராஸ்பெர்ரி பையின் 6.6 கெர்னலில் தனி மாட்யூலாக நன்றாக ஓடுகிறது. மொத்தத்தையும் ஒரே பேட்சாக (மாற்றத் தொகுப்பாக) ஐஐஓ லிஸ்டுக்கு, அதாவது கெர்னலில் சென்சார் டிரைவர்களைக் கவனிக்கும் பகுதியின் மெயிலிங் லிஸ்டுக்கு, அனுப்பியதில் மூன்று பதில்கள்: பேட்ச் அப்ளை ஆகவில்லை, பைண்டிங் (கெர்னலுக்குத் தரும் வன்பொருள் விவரமான டிவைஸ்ட்ரீயில் சிப்பை எப்படி எழுதுவது என்ற ஆவணம்) தனியாக வர வேண்டும், டிகிரி கணக்கை டிரைவரில் போடாமல் ரா (சிப் தரும் மூல எண்), ஸ்கேல் (பெருக்கும் எண்), ஆஃப்செட் (கூட்டும் எண்) கொடுக்க வேண்டும்.

சென்சார் தருவது 6 பைட்: வெப்பம் 2, சிஆர்சி (பிழை சரிபார்ப்பு) 1, ஈரப்பதம் 2, சிஆர்சி 1. டேட்டாஷீட் சூத்திரம்: வெப்பம் = −45 + 175 × ரா ÷ 65535. ஈரப்பதம் = 100 × ரா ÷ 65535. ஆஃப்செட்டில் −45000 வைத்தால் ரீடிங் கன்னாபின்னாவென்று வருகிறது. எங்கே தப்பு?

தறிநூல்:
ஆஃப்செட்டை வேறு யாராவது சொல்லுங்கள், நான் பேட்ச் விஷயத்துக்கு வருகிறேன்.

ராஸ்பெர்ரி பை கெர்னல் ஒரு தனிக் கிளை. அதன் மேல் எடுத்த பேட்ச் ஐஐஓ ட்ரீயில் உட்காராது. ஐஐஓ ட்ரீயை க்ளோன் செய்து, டெஸ்டிங் பிராஞ்சின் மேல் வேலையை மறுபடி வையுங்கள். வைத்ததும் கம்பைல் எரர் ஒன்று வரலாம்: ஏஎஸ்எம் அடைவிலிருந்த அன்அலைன்ட் ஹெடர் 6.12-இல் லினக்ஸ் அடைவுக்கு மாறிவிட்டது, இன்க்ளூட் வரியைத் திருத்துங்கள்.

பேட்ச் வரிசை: முதலில் யாமல் பைண்டிங், அடுத்தது டிரைவர். சிப் தயாரிப்பாளரின் முன்னொட்டு வெண்டர் பட்டியலில் இல்லையென்றால் அதைச் சேர்க்கும் பேட்ச் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் (எதை யார் பராமரிக்கிறார் என்ற பட்டியலில்) உங்கள் பெயரைப் போட மறக்காதீர்கள், போடாவிட்டால் கேட்பார்கள்.

பைண்டிங்கில் அடி வாங்கும் இடங்கள் இரண்டு. கம்பாட்டிபிள் பெயரின் (சிப்பை டிரைவரோடு பொருத்தும் பெயரின்) கடைசி எண்களுக்குப் பதில் எக்ஸ்எக்ஸ் போட்டு ஒரு குடும்பத்தையே அடக்கப் பார்ப்பது ஒன்று. அது எடுபடாது; சிப்புக்குச் சிப் முழுப்பெயர் வேண்டும். இன்னொன்று, டிரைவர் பயன்படுத்துவதை மட்டும் எழுதுவது. பைண்டிங் விவரிக்க வேண்டியது சிப்பை. அலர்ட் பின்னை உங்கள் நிரல் தொடவே இல்லையென்றாலும் இன்டரப்ட், சப்ளை இரண்டையும் எழுதிவிடுங்கள். பிப் வழியாக டிடிஸ்கீமா (பைண்டிங்கைச் சரிபார்க்கும் கருவி) நிறுவி, மேக் கட்டளையில் டிடி பைண்டிங் செக் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் லிஸ்டின் தானியங்கி பாட் அதை ஓட்டி, பிழையை லிஸ்டிலேயே எல்லார் முன்னாலும் போடும்.

அரைமைக்ரான்:
ஆஃப்செட்டுக்கு வருவோம். ஐஐஓ-வில் கணக்கு இப்படி: (ரா + ஆஃப்செட்) × ஸ்கேல். ஆஃப்செட் முதலில் கூடுகிறது, பெருக்கல் பிறகுதான். எனவே அது மில்லிடிகிரியில் இருக்கக் கூடாது, ரா எண்ணின் அளவில் இருக்க வேண்டும்: −45 × 65535 ÷ 175 = −16851.86, முழு எண்ணாக −16852. ஸ்கேலுக்கு 175000, 65535 இரண்டையும் ஃப்ராக்‌ஷனல் வகையாகத் திருப்பி அனுப்புங்கள். வகுத்தலை ஐஐஓ கோரே செய்து 2.67033 அளவில் காட்டும்.

சரிபார்க்க வசதியான எண் 26214. சூத்திரப்படி அது சரியாக 25 டிகிரி. (26214 − 16852) × 2.67033 = ஏறத்தாழ 24999.6 மில்லிடிகிரி, சரி. உங்கள் −45000-ஐ வைத்தால் அதே ரா எண்ணுக்கு மைனஸ் 50 டிகிரி வரும். ஈரப்பதத்துக்கு ஆஃப்செட் வேண்டாம், ஸ்கேல் 100000 ÷ 65535. அலகு மில்லி சதவீதம்.

சிஆர்சி-க்குச் சொந்தமாக லூப் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். கெர்னலில் சிஆர்சி8 லைப்ரரி இருக்கிறது, உங்கள் பாலினாமியலைக் கொடுத்து டேபிளை ஒருமுறை நிரப்பினால் போதும். கேகான்ஃபிக்கில் (டிரைவருக்கு எவை தேவை என்று சொல்லும் கோப்பில்) செலக்ட் சிஆர்சி8 என்ற வரி அவசியம். உங்கள் கான்ஃபிகில் அதை வேறு டிரைவர் ஏற்கெனவே இழுத்திருக்கும், அதனால் உங்களிடம் லிங்க் ஆகிவிடும். கெர்னலைத் தானாகக் கட்டிப் பார்க்கும் டெஸ்ட் ரோபோ, ரேண்டம் கான்ஃபிகில் கட்டும்போது உடையும்.

ஐ2சி மாஸ்டர் ரிசீவ், வெற்றியில் சுழியம் தராது, படித்த பைட் எண்ணிக்கையைத் தரும். 6-க்குக் குறைவாக வந்தால் இஐஓ பிழைக்குறியைத் திருப்புங்கள். கட்டளை அனுப்புவது, காத்திருப்பது, படிப்பது மூன்றும் ஒரே மியூடெக்ஸுக்குள் (ஒருவர் மட்டும் நுழையும் பூட்டுக்குள்) இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு ப்ராசஸ் ஒரே சமயத்தில் படிக்கும்போது ஒன்றின் அளவீடு நடுவே மற்றதன் கட்டளை புகும்.

பழைய_பில்ட்:
படிக்கும் பஃபரை ஸ்டாக்கில் வைத்தாலும் திட்டுவார்களே, டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் நேரடியாக நினைவகத்துக்கு எழுதுவது) பிரச்சினை?

அரைமைக்ரான்:
அது எஸ்பிஐ என்ற வேறு பஸ்ஸுக்கு. சாதாரண ஐ2சி மாஸ்டர் ரிசீவுக்கு ஸ்டாக் பஃபர் போதும்.

தறிநூல்:
அனுப்பும் முன் ஓட்ட வேண்டியவை: செக்பேட்ச் (பேட்சின் நடையைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்), ஸ்டிரிக்ட் ஆப்ஷனோடு. பிறகு டபிள்யூ=1 (கூடுதல் எச்சரிக்கைகள்), சி=1 (ஸ்பார்ஸ் என்ற நிரல் சோதனைக் கருவி) இரண்டும் போட்டு பில்ட். எண்டியன் (பைட் வரிசை) தவறுகளை ஸ்பார்ஸ்தான் பிடிக்கும், ஜிசிசி கண்டுகொள்ளாது. யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். டிவைஸ்ட்ரீ லிஸ்ட் விடுபட்டால் பைண்டிங்கை யாரும் பார்க்கமாட்டார்கள்.

வி2-வை புதிய த்ரெட்டாக அனுப்புங்கள், வி1-க்குப் பதிலாகக் கோக்காதீர்கள். என்ன மாறியது என்பதை கவர் லெட்டரிலோ, பேட்சில் மூன்று கோடுகளுக்குக் கீழேயோ எழுதுங்கள். கோடுகளுக்கு மேலே எழுதினால் அது கிட் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும். ரிவ்யூவர் சொன்ன ஒரு கருத்து ஏற்புடையதல்ல என்றால் வி1 த்ரெட்டிலேயே காரணம் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் அதே நிரலை வி2-வில் அனுப்புவதுதான் ரிவ்யூவரை நிஜமாகவே எரிச்சல்படுத்தும் ஒரே விஷயம்.

கம்பிச்சுருள்:
25 டிகிரி சரியாக வருகிறது, நன்றி. ஒரு சிக்கல்: அலுவலக மெயில் சர்வர் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "ரகசியமானது" என்று வாசகம் ஒட்டுகிறது, டேபை ஸ்பேஸாக மாற்றுகிறது. சொந்த மெயிலிலிருந்து அனுப்பலாமா? சைன்ட்-ஆஃப் (பேட்சில் அனுப்புபவர் போடும் ஒப்புதல் வரி) அலுவலக முகவரியில்தான் இருக்க வேண்டும்.

பழைய_பில்ட்:
தாராளமாக. கமிட் ஆத்தர் அலுவலக முகவரியிலேயே இருக்கட்டும். கிட் சென்ட்-இமெயில், அனுப்புபவர் வேறு என்று கண்டால் மெயிலின் முதல் வரியில் ஃப்ரம் என்று ஆத்தரைப் போட்டுவிடும். அப்ளை செய்யும்போது அதுதான் எடுபடும். சைன்ட்-ஆஃப் அதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபியே அடைபட்டிருந்தால், பேட்ச் அனுப்ப உதவும் பி4 கருவியின் வெப் வழியைப் பாருங்கள். வேலைநேரத்தில் எழுதிய நிரல் என்றால் ஜிபிஎல்-இல் வெளியிட நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், சைன்ட்-ஆஃப் போடுவதன் பொருளே அதுதான்.

அனுப்பியபின் ஒரு வாரமாவது பொறுங்கள். மெர்ஜ் விண்டோ (மெயின்லைன் புது வேலைகளைச் சேர்த்துக்கொள்ளும் காலம்) திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் புது டிரைவரை அனுப்பாதீர்கள், ஆர்சி1 (அதன் முடிவில் வரும் முதல் சோதனை வெளியீடு) வந்ததும் அதன் மேல் ரீபேஸ் செய்து அனுப்புங்கள்.