சபாவில் சைலன்ட் ஷட்டர் போட்டால் படம் முழுக்கப் பட்டை விழுகிறது: சென்சார் கோளாறா?

நடனக்கோணம்:
அரங்கேற்ற நிகழ்ச்சிகள் எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 70-200 லென்ஸ். மேடை மைக்கில் க்ளிக் சத்தம் விழக் கூடாது என்பதால் சைலன்ட் ஷட்டர் (ஷட்டர் திரை அசையாமல் சென்சாரே சத்தமின்றிப் பதியும் முறை). செட்டிங்: 1/500, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200. படத்தின் குறுக்கே ஆறேழு அகலமான மங்கல் பட்டைகள் விழுகின்றன. பக்கவாட்டில் ஊதா ஒளி படும் இடங்களில் மெல்லிய கோடுகளும் தனியாக உண்டு. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் பட்டைகளும் நெடுக்காக நிற்கின்றன. விளக்கு மினுக்கலைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் மெனு சைலன்ட் ஷட்டரில் மங்கிப்போய், தேர்வு செய்யவே முடியவில்லை. சென்சார் போய்விட்டதா? எடுத்த படங்களைக் காப்பாற்ற வழி உண்டா?

ரா_மேசை:
நாளைக்குப் பகல் வெயிலில் இதே 1/500, இதே சைலன்ட் ஷட்டரில் வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்க. பட்டை இல்லை என்றால் சென்சார் நலமாக இருக்கு, சர்வீஸுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

சிறுதுளை:
சென்சார் இல்லை, விளக்கு. கேமராவைத் திருப்பினால் பட்டையும் கூடவே திரும்புகிறது என்கிறீர்களே, சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் வருவது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு விவரம் மட்டும் வேண்டும். படத்தையே அளவுகோலாக வெச்சு, அகலப் பட்டைகள் மொத்தம் எத்தனை, மெல்லிய கோடுகள் 1000 பிக்சல் உயரத்துக்குள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்க. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி எண்ணணும்.

நடனக்கோணம்:
வெயிலில் பட்டை இல்லை. சபா படத்தில் அகலப் பட்டை கிட்டத்தட்ட ஏழு, கடைசிப் பட்டை பாதியில் வெட்டுப்படுகிறது. மெல்லிய கோடு 1000 பிக்சலுக்குள் 20.

சிறுதுளை:
நன்றி, இது போதும். கணக்குப் போடலாம்.

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால், மலிவான எல்இடி ஃப்ளட் லைட், பழைய சோக் வைத்த டியூப் லைட் எல்லாம் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஒரு துடிப்பு 10 மில்லி செகண்ட். சைலன்ட் ஷட்டரில் உங்க சென்சார் மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை படித்து முடிப்பதற்குள் ஏழுக்குக் கொஞ்சம் குறைவான துடிப்பு கடந்துபோகிறது. அப்படியானால் படிக்க ஆகும் நேரம் சுமார் 67 மில்லி செகண்ட், அதாவது 1/15 விநாடி. நீங்க 1/500 வைத்தாலும் ஒவ்வொரு வரிக்கும்தான் 1/500. முழுப் படத்துக்கும் 1/15 ஆகிறது. விளக்கு உச்சத்தில் இருக்கும்போது படிக்கப்பட்ட வரிகள் வெளிச்சமாகவும், தணிந்தபோது படிக்கப்பட்டவை இருட்டாகவும் பதிகின்றன.

இனி மெல்லிய கோடு. உங்க படம் 6000 × 4000 பிக்சல். 4000 வரிக்கு 67 என்றால் 1000 வரிக்கு 16.7 மில்லி செகண்ட். அதற்குள் 20 கோடு, ஆக விநாடிக்கு 1200 துடிப்பு. இது கரன்ட் லைனிலிருந்து வருவது இல்லை. எல்இடி பார் கேனை (மேடைக்குக் கலர் ஒளி தரும் விளக்கு) டிம் பண்ணும்போது அது ஒளியைக் குறைக்காமல் படுவேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. அந்த வேகம்தான் 1200. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி அளவில் டிம் ஆவதால் கோடுகளில் நிறமும் மாறும். ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் அது போகாது.

தீர்வு: ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கணும், அரைகுறைத் துடிப்பு மிஞ்சக் கூடாது. 1/100-இல் வெள்ளை லைட்டின் 1 துடிப்பும் பார் கேனின் 12 துடிப்பும் சரியாக அடங்கும், இரண்டு வகைப் பட்டையும் போகும். 1/50-ம் அப்படியே. 1/125 பட்டையை மங்க வைக்கும், நீக்காது. 1/200 பாதித் துடிப்பு, வேண்டாம். உங்க 1/500-இல் பார் கேனுக்கு 2.4 துடிப்பு, அதனால்தான் கோடு.

இன்னொரு லாபம், 1/500-லிருந்து 1/100-க்கு வந்தால் ஐஎஸ்ஓ 3200 வேண்டிய இடத்தில் 640 போதும்.

நடனக்கோணம்:
புரிந்தது சார். ஆனால் பரதநாட்டியத்தை 1/100-இல் எடுத்தால் கை கால் எல்லாம் இழுபடுமே?

சிறுதுளை:
எல்லா இடத்திலும் இழுபடாது. நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்க.

பதம், அபிநயம் வரும் இடங்களில் அசைவு நிதானம், அரங்கமும் அமைதி. அங்கே சைலன்ட் ஷட்டர், 1/100. கண்ணும் முத்திரையும் நிற்கும் நொடியில் மூன்று நான்கு ஃபிரேம் எடுத்தால் ஒன்றாவது துல்லியமாக வரும். லென்ஸின் ஸ்டெபிலைசேஷன் ஆன்.

ஜதி ஓடும்போது மிருதங்கமும் நட்டுவாங்கமும் சேர்ந்து முழங்கும், அங்கே ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/400 வையுங்க, ஆன்டி-ஃப்ளிக்கர் ஆன். 1/400-இல் பார் கேனின் 3 துடிப்பு முழுதாக அடங்கும், கோடு வராது. 100 ஹெர்ட்ஸ் துடிப்பை ஆன்டி-ஃப்ளிக்கர் கவனித்துக்கொள்ளும். விளக்கு உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து க்ளிக் பண்ணுவதுதான் அதன் வேலை. 2014-இல் கேனன் 7டி மார்க் 2-இல் வந்த வசதி இது, இப்போது பல கேமராவில் இருக்கு. பர்ஸ்ட் (பட்டனை அழுத்திப் பிடித்து அடுத்தடுத்து எடுப்பது) வேகம் சற்றுக் குறையும், பட்டனை அழுத்தியதும் நூலிழை தாமதம் இருக்கும். அது 100, 120 ஹெர்ட்ஸை மட்டுமே கண்டுபிடிக்கும், 1200 அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 1/400 என்று குறிப்பாகச் சொல்கிறேன். திரை மேலிருந்து கீழே ஓட 3, 4 மில்லி செகண்ட் ஆவதால் ஓரங்களில் லேசான இருட்டு மிஞ்சலாம். எடிட்டிங்கில் ஒரு கிரேடியன்ட் (படிப்படியாக வெளிச்சத்தை மாற்றும் மாஸ்க்) போட்டால் அது சரியாகிவிடும்.

தீர்மானம் (ஜதியை முடிக்கும் கோர்வை) முடிந்து கடைசித் தட்டில் ஆடுபவர் அரைமண்டியில் உறைந்து நிற்கும் நொடிக்கு 1/100-ஏ போதும்.

மஞ்சள்வெயில்:
மேடை லைட்டிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நிகழ்ச்சிக்கு முன்னால் லைட் அண்ணன்கிட்ட போய், "பார் கேன் மெனுவில் பிடபிள்யூஎம் ஃப்ரீக்வென்சி எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். டிம் பண்ண விளக்கு விநாடிக்கு எத்தனை முறை அணைந்து ஏறுகிறது என்பதே அது. ஓரளவு நல்ல விளக்குகளில் 600, 1200, 2000, 4000, 6000, 25000 என்று மாற்றும் வசதி இருக்கும். 25000-க்கு ஏற்றிவிட்டால் ஸ்டில் கேமராவுக்குத் தொல்லை இல்லை. அந்த மெனு இல்லாத பழைய சரக்கு என்றால், பத்து லைட்டை 40 சதவீதத்தில் வைப்பதற்குப் பதில் நான்கை முழு அளவில் வைக்கச் சொல்லுங்கள். முழு அளவில் அணைத்து ஏற்றும் வேலையே இல்லை. ஊதா மாதிரிக் கலவை நிறத்தில் ஏதாவது ஒரு நிறம் டிம்மில்தான் இருக்கும், அங்கே இது பாதிதான் உதவும்.

பின்னால் எல்இடி வால் இருந்தால் அதன் ரெஃப்ரெஷ் ரேட்டையும் கேளுங்கள். 3840 என்றால் 1920-ஐ விட நிம்மதி. மண்டபம் ஜெனரேட்டரில் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் அசையாமல் நிற்காது. 1/100-இலும் மெலிதாகப் பட்டை தெரிந்தால் காரணம் அதுதான்.

கேமரா இல்லாமலே சோதிக்க, போன் கேமராவை ப்ரோ மோடில் 1/2000 வைத்து ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். எது துடிக்கிறது என்று திரையிலேயே தெரியும்.

ரா_மேசை:
எடுத்த படங்களுக்கு: முதலில் பர்ஸ்ட்டில் பக்கத்து ஃபிரேம்களைப் பாருங்க. பட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்ந்திருக்கும், முகத்தில் விழாத ஃபிரேம் கிடைத்தால் அதுவே சிறந்தது. அகலப் பட்டைக்கு ரா ஃபைலில் ஒவ்வொரு இருண்ட பட்டைக்கும் எதிரெதிராக இரண்டு லீனியர் கிரேடியன்ட் போட்டு, சேரும் இடம் பட்டையின் நடுவில் வருமாறு வைத்து, எக்ஸ்போஷரை 0.3-லிருந்து ஏற்றிப் பாருங்க. பட்டை எல்லாவற்றுக்கும் இடைவெளி ஒன்றேதான், முதல் மாஸ்க்கை நகல் எடுத்து நகர்த்தினால் வேலை சீக்கிரம் முடியும்.

மெல்லிய கலர்க் கோட்டுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் சேனல்களைத் தனித்தனியாகத் திறந்து பாருங்க. முழு அளவில் எரிந்த நிறத்தின் சேனலில் கோடு இருக்காது. அந்த ஒரு சேனலை வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அபிநயப் படங்கள் நன்றாகவே நிற்கும். கலரில் அந்தக் கோட்டை முழுசாக எடுக்க முயல்வது நேர விரயம் என்பது என் கருத்து.

நடனக்கோணம்:
அடுத்த நிகழ்ச்சிக்கு முன் லைட் அண்ணனிடம் பேசிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். இதே இடத்தில் வீடியோவுக்கு என்ன ஷட்டர்? கேமரா மாற்றினால் இந்தப் பிரச்சினையே தீருமா?

சிறுதுளை:
வீடியோ 25பி (விநாடிக்கு 25 ஃபிரேம்), ஷட்டர் 1/50. 30பி கேட்டால் ஃபிரேம் ரேட் 30 இருக்கட்டும், ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 வையுங்க. 1/60 வைத்தால் பட்டை ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். டொரண்டோ மாதிரி 60 ஹெர்ட்ஸ் ஊருக்கு அரங்கேற்றம் எடுக்கப் போனால் கணக்கு மாறும். அங்கே 1/60 அல்லது 1/120.

கேமரா விஷயம்: நிக்கான் இசட்9 மாதிரி அடுக்கு சென்சார் சுமார் 1/270 விநாடியில் படித்துவிடும், ஏழு பட்டை வந்த இடத்தில் அரைப் பட்டைகூட முழுதாக வராது. சோனி ஏ9 III-இல் குளோபல் ஷட்டர், எல்லா வரியும் ஒரே நேரத்தில் பதிவதால் பட்டையே உருவாகாது. ஆனால் விளக்கு துடிப்பது துடிப்பதுதான். 1/500-இல் ஒரு ஃபிரேம் வெளிச்சம், அடுத்தது இருட்டு என்று மாறி மாறி வரும், அங்கேயும் ஆன்டி-ஃப்ளிக்கர் தேவை. கேனன் ஆர்3 போன்றவற்றில் ஷட்டர் வேகத்தைத் தசம அளவில் நகர்த்திப் பார் கேனுக்குப் பொருத்தலாம். உங்க தேவைக்கு இப்போதைய கேமராவே போதும். 1/100 சைலன்ட்டை ஒரு கஸ்டம் பட்டனிலும், 1/400 மெக்கானிக்கலை இன்னொன்றிலும் ஏற்றி வையுங்க, ஜதி தொடங்கும்போது மெனுவுக்குள் போகாமல் மாறிக்கொள்ளலாம்.