எம்ஜிபி மர ஸ்டீரிங் வீல், ஜாயிண்ட்ல விரிசல்: மொத்தமா எபாக்ஸி ஊத்திடலாமா?

கியர்பாக்ஸ்_பையன்:
வணக்கம் மக்களே. 1967 எம்ஜிபி (கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வச்சிருக்கேன், அதுல ஃபேக்டரி கருப்பு வீல் இல்ல, முன்னாடி வச்சிருந்தவர் எப்பவோ 15 இஞ்ச் மர வீல் மாட்டியிருக்காரு. அலுமினிய ஸ்போக் மூணு, ரிம்ல சுத்தி ரிவெட், ஸ்போக்ல அடிச்சிருந்த பேரு தேஞ்சுபோனதால யாரு செஞ்சதுன்னு தெரியல. மேல்பாதில வார்னிஷ் செதில் செதிலா உரியுது, கை பிடிக்கிற ரெண்டு இடத்துலயும் மரம் கருத்துப்போச்சு, ரெண்டு ஜாயிண்ட்ல நகம் மாட்டுற அளவுக்கு விரிசல். ஃப்ரெண்டு ஒருத்தன் "எதுக்கு யோசிக்கிற, மொத்தமா எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து இறுக வைக்கிற பிசின்) ஊத்தி தேச்சுட்டா கண்ணாடி மாதிரி நிக்கும்"ங்கறான், வீடியோல பாத்தாலும் பாதிப்பேரு அப்படித்தான் பண்றாங்க. பண்ணலாமா? ஹீட் கன் வச்சு பழைய வார்னிஷ எடுக்கலாமா? கடைசியா மேல என்ன அடிக்கிறது, வார்னிஷா, கார் க்ளியரா, ஆயிலா?

மரத்தூள்:
தம்பி, மேல என்ன அடிக்கிறதுங்கறது கடைசிக் கேள்வி. அந்த வீல நம்பி வண்டிய திருப்பலாமான்னு முதல்ல பாருங்க. ரிம்மோட உள்விளிம்புல ரெண்டு மரப் பட்டைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு அலுமினியக் கோடு முழு வட்டமும் சுத்தி வருதா? வந்தா பலம் அந்த உலோக வளையத்துல இருக்கு, மரம் கைப்பிடி மட்டும்தான், விரிசல ஒட்டிக்கலாம். கோடு ஸ்போக் பக்கத்துலயே நின்னுபோச்சுன்னா மரமே வளையம்னு அர்த்தம், அப்படிப்பட்டதுல ஜாயிண்ட் விட்டிருந்தா வீட்ல ஒட்டிட்டு ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க இல்ல செவுத்துல மாட்டுங்க. சில வீல்ல உலோகத்த மரம் முழுசா மூடியிருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது, அதுல விரிசல் வழியா டார்ச் அடிச்சுத்தான் பாக்கணும்.

இப்ப விரிசல் ஏன் அங்க வந்துச்சுன்னு ஒரு கணக்கு. 15 இஞ்ச் வீலோட சுற்றளவு கிட்டத்தட்ட 1.2 மீட்டர். வெயில்ல நிறுத்தின வண்டில வெப்பம் 40 டிகிரி ஏறுதுன்னு வைங்க, அலுமினிய வளையம் சுமார் 1.1 மில்லிமீட்டர் நீளும், மரம் நார் ஓடுற திசையில 0.2 தான் நீளும். மிச்ச இழுவை எல்லாம் எங்க போகும், ரெண்டு துண்டு மரம் முட்டுற ஜாயிண்ட்ல தான் போகும். அது போக ஈரத்துக்கு மரம் குறுக்க உப்பும், அலுமினியம் உப்பாது. வருஷக்கணக்கா இந்த இழுபறி நடந்ததுக்கு அப்புறம்தான் பசை விடுது. எபாக்ஸிய சட்டை மாதிரி மேல போத்தினாலும் உள்ள இழுவை அப்படியே இருக்கும், அதே இடத்துல மறுபடி வெடிக்கும், இந்த தடவ எபாக்ஸியோட சேர்த்து. தவிர சாதாரணமா கிடைக்கிற எபாக்ஸி நிறைய 50, 60 டிகிரிலயே இளக ஆரம்பிச்சிடும், மூடின காருக்குள்ள வெயில் படுற இடம் அதுக்கு மேலயே போகும், யூவி பட்டா மஞ்சளும் ஆகும். ஊத்துறதுல ரிம் தடிச்சு, பின்பக்கம் விரலுக்குன்னு செதுக்கின பள்ளமும் நிரம்பிடும். எபாக்ஸி கெட்ட சாமான்னு சொல்லல, விரிசலுக்குள்ள போகட்டும், வெளிய வேணாம்.

ஹீட் கன் வேண்டவே வேணாம், வார்னிஷுக்கு முன்னாடி பழைய பசை இளகிடும். தண்ணி விட்டு கழுவுற மாதிரி பெயிண்ட் ரிமூவரும் வேணாம். கேபினட் ஸ்க்ரேப்பரோ (மரம் சுரண்டுற மெல்லிசு இரும்புத் தகடு) உடைஞ்ச கண்ணாடித் துண்டோ போதும், உரியுற வார்னிஷ் தானா வந்துரும்.

டர்போ_தாத்தா:
இவ்ளோ யோசிக்க ஒண்ணுமில்ல ப்ரோ, விரிசல ஒட்டு, டூ-கே க்ளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற கார் க்ளியர்) அடி, முடிஞ்சுது. வெயிலுக்கும் வியர்வைக்கும் அத விட தாங்குறது எதுவும் கிடையாது.

மரத்தூள்:
தாங்கும், மறுக்கல. ஆனா அதுல ஐசோசயனேட்னு நுரையீரலக் கெடுக்கிற கெமிக்கல் இருக்கு, தூசி மாஸ்க் போட்டுக்கிட்டு ஷெட்டுக்குள்ள அடிக்கிற சமாச்சாரம் இல்ல அது, வெளிய இருந்து காத்து வர்ற மாஸ்க் வச்சிருக்கிற பெயிண்ட் பூத்ல குடுங்க. இன்னொண்ணு, மோதிரம் பட்டு ஒரு சில்லு போச்சுன்னா அந்த இடத்த மட்டும் தெரியாம சரி பண்றது ரொம்ப கஷ்டம், மொத்தமா தேச்சுட்டு மறுபடி அடிக்கணும்.

கியர்பாக்ஸ்_பையன்:
நன்றி அண்ணே. பாத்துட்டேன், அலுமினியக் கோடு முழுசா சுத்தி வருது, ரிவெட் எதுவும் ஆடல. ஆனா ஒரு ஜாயிண்ட் பக்கத்துல மேல்பட்டை லேசா தூக்கியிருக்கு, பேப்பர் நுழையுது. அந்த கருப்பு தேச்சா போகுமா?

சீசாவும்_உளியும்:
தூக்கின இடத்துல பழைய பசையயும் அழுக்கையும் மெல்லிசு பிளேடால சுரண்டி எடுத்துடுங்க, அழுக்கு மேல எந்தப் பசையும் பிடிக்காது. ஹேர் டிரையரால மரத்த வெதுவெதுன்னு பண்ணி, தண்ணியா ஓடுற, மெதுவா இறுகுற எபாக்ஸி விடுங்க. மரம் ஆறும்போது உள்ள இருக்கிற காத்து சுருங்கும், அது எபாக்ஸிய உள்ள இழுத்துக்கும். க்ளாம்ப முறுக்கி இறுக்காதீங்க, எல்லாம் பிதுங்கி வெளிய வந்துரும், பழைய சைக்கிள் ட்யூப்ப வெட்டி ரிம்ம சுத்தி இழுத்துக் கட்டுனா போதும். மயிரிழை விரிசல் மட்டும்னா சூப்பர் க்ளூ தண்ணி மாதிரி இருக்கிறது போதும்.

கருப்பு கை அழுக்கா இருந்தா தேய்க்கும்போதே போயிடும். வார்னிஷ் போன இடத்துல ஈரம் இறங்கி மரமே கருத்திருந்தா 120 உப்புத்தாள் போட்டு மல்லுக்கட்டாதீங்க, ரிம் அங்க மட்டும் ஒல்லியாகிடும், கைக்கு தெரியும். மரக்கறைய வெளுக்க வைக்கிற ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் பிரஷ்ல தடவுங்க, வெளுத்ததும் ஈரத்துணியால பல தடவ துடைச்சு நல்லா காய விடுங்க. விஷம், க்ளவுஸ் போடுங்க, காஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பொடி மூக்குல ஏறக்கூடாது. ஒட்டுற வேலைக்கு முன்னாடியே இத முடிச்சிடணும்.

அப்புறம் டேஷ்போர்டு பாலிஷ். பழைய ஓனர் கண்டிப்பா அடிச்சிருப்பாரு, அதுல சிலிகோன் இருக்கும், வார்னிஷ் அடிச்சா மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகும். தேய்க்குறதுக்கு முன்னாடியே சிலிகோன் எடுக்கிற ப்ரெப் சால்வெண்ட்ல துணிய மாத்தி மாத்தி துடைங்க, அப்பவும் விலகினா மெழுகு எடுத்த ஷெல்லாக் (அரக்குல செய்யுற பூச்சு) ஒரு கோட் அடிச்சு அது மேல போங்க.

ஸ்போக் பாலிஷ கடைசில வச்சுக்கங்க. அலுமினியம் தேய்க்கும்போது வர்ற கருப்பு பேஸ்ட் வெறும் மரத்தோட நுண்துளைல இறங்கிட்டா வெளிய எடுக்க முடியாது, அதனால மரத்துக்கு ரெண்டு கோட் ஏத்தின பிறகுதான் ஸ்போக்க தொடணும். ரிவெட் தலைய மரத்தோட சேர்த்து தேச்சு தட்டையாக்குறதும் வேணாம், பிடிமானமே அந்தத் தலைதான்.

கியர்பாக்ஸ்_பையன்:
அப்ப ஆயில்?

சீசாவும்_உளியும்:
டங் ஆயில் கைக்கு சுகம், வெயிலுக்கு பாவம். கூரை திறந்த வண்டிக்கு நான் போட மாட்டேன். யூவி தடுப்பு இருக்கிற போட் வார்னிஷ் (படகு மரத்துக்கு அடிக்கிறது) எடுங்க, முதல் கோட்ட தின்னர் கலந்து தண்ணியா, அப்புறம் மெல்லிசா அஞ்சாறு, நடுவுல 320 தாள். மரத்தோட சேர்ந்து கொஞ்சம் வளையும், பின்னாடி டச்சப்பும் பண்ணலாம். பளபளப்ப கடைசில கொஞ்சம் கொன்னுடுங்க, கண்ணாடில வெளிச்சம் அடிக்காது. ஆயில்தான்னு போனா துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சு காய வைங்க.

டர்போ_தாத்தா:
சரி சரி, போட் வார்னிஷே அடிங்க. வார்னிஷ் நல்லா இறுகுறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் வேற வீல் மாட்டி ஓட்டணும்னா பாஸ்ல (வீல ஸ்டீரிங் தண்டோட இணைக்கிற நடு உலோகத் துண்டு) இருக்கிற போல்ட் வட்டத்த அளந்துட்டு இரவல் கேளுங்க. ஆறு போல்ட்டுன்னு சொல்றது எல்லாம் ஒண்ணு கிடையாது, வீல் கம்பெனிகள்ல நார்டி 74 மில்லிமீட்டர், மோமோ 70, ஒண்ணோட ஒண்ணு சேராது. கழட்டும்போது பாஸ்லயும் வீல்லயும் நேர் கோடு மார்க் பண்ணிடுங்க, ஹார்ன் கம்பிய கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி எர்த் எடுத்துடுங்க.

கியர்பாக்ஸ்_பையன்:
பாஸ் ஒன்பது போல்ட்டு தாத்தா, இரவலுக்கு எங்க போறது. வண்டி ஷெட்லயே இருக்கட்டும். ஆக்ஸாலிக் ஆசிட் ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறேன், போட்டோ போடுறேன்.