யோக் வால்வு, டின் ரெகுலேட்டர்: அடாப்டரோடு பட்ட பாடு

ஸ்கூபா டைவுக்கு, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஒன்று வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. என்னுடையது டின், அதாவது வால்வுக்குள் மரையில் திருகி மாட்டும் வகை. அதில் நாலு வருஷம் யோக் அடாப்டர் ஒன்றையும் பையில் சுமந்தேன். யோக் என்பது வால்வை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் வகை. படகில் கையில் கிடைக்கும் சிலிண்டர் பெரும்பாலும் யோக்தான். வால்வில் தட்டையான முகம், நடுவில் காற்று ஒழுகாமல் அடைக்கும் சின்ன ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். அதன்மேல் அடாப்டரைக் கவ்வவிட்டுப் பின்திருகை இறுக்கினால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். அடாப்டர் நடுவில் புகுந்ததும், ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வால்வை விட்டுத் தள்ளி, சரியாகப் பிடரிக்கு நேரே வந்து நிற்கும். முன்னால் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் ‘டொக்’. சிலிண்டரைப் பட்டையில் கொஞ்சம் இறக்கிக் கட்டிப் பார்த்தேன். தலை தப்பித்தது, அடிப்பாகம் தொடையில் இடித்தது.

ஒருநாள் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தவர் என் சிலிண்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் சார், இன்சர்ட்டைக் கழற்றிவிட்டு நேராகவே மாட்டலாமே?” என்றார். என்ன இன்சர்ட்? ஓ-ரிங்குக்கு நடுவே உற்றுப் பார்த்தேன், துளை அறுகோணமாக இருந்தது. வால்வு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அலன் கீயை விட்டுத் திருகினார். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகத் துண்டு கையோடு வந்தது. உள்ளே பளிச்சென்று டின் மரை. என் ரெகுலேட்டர் அடாப்டரே இல்லாமல் ஏறி உட்கார்ந்தது.

நாலு வருஷத்தில் இப்படி எத்தனை சிலிண்டரைக் கவனிக்காமல் விட்டேனோ! இப்போதெல்லாம் சிலிண்டர் கைக்கு வந்ததும் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பேன். அறுகோணம் இருந்தால் சந்தோஷம். வழவழப்பான வட்டத் துளை என்றால் அடாப்டர், அப்புறம் ‘டொக்’. நான் வைத்திருக்கும் அலன் கீ 8 மி.மீ.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

* * *

எனக்கு நடந்தது நேர் எதிர். என்னுடையது யோக் ரெகுலேட்டர், அன்று கிடைத்தது டின் வால்வு. இன்சர்ட் ஒன்றை இரவல் வாங்கித் திருகினேன். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குழிக்குள் ஆழமாகப் போய் நின்றுவிட்டது. யோக் கவ்வுவதற்கு முகமே இல்லை.

அது 300 பார் (அழுத்த அளவு) வால்வு. வழக்கமானது 232 பார். மரை அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஜி 5/8 என்பார்கள். ஆனால் 232 பார் வால்வில் ஐந்து சுற்று, 300-இல் ஏழு சுற்று. அந்த ஆழம் வேண்டுமென்றே வைத்தது. யோக் பிடி 232 பாருக்கு மேலான அழுத்தத்துக்கு ஆனதல்ல, அதனால் அங்கே அது பொருந்தவே கூடாது. ஐந்து சுற்று மரை உள்ள பழைய டின் ரெகுலேட்டரை அதில் திருகினாலும் அதன் முனையான மூக்கு அடிவரை எட்டாது, காற்று ஒழுகும். 300 பார் டின் ரெகுலேட்டர் மட்டும் இரண்டிலும் பொருந்தும். இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் அதுதான்.

“எப்படியாவது மாட்ட வழி இருக்கா?” என்று நானும் கேட்டேன். “இல்லை” என்றார்கள், நல்லவேளை. அன்று கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் குமிழிகளை எண்ணினேன்.

* * *

அண்ணா, என் கதை சத்தக் கதை. டின் ரெகுலேட்டரில் அடாப்டர் போட்டு, சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்தால் ‘ஸ்ஸ்ஸ்’. பின்திருகை இன்னும் இறுக்கினேன். அதே ஸ்ஸ்ஸ். சிலிண்டரின் ஓ-ரிங்கை மாற்றினேன். அதே ஸ்ஸ்ஸ்.

கடைசியில் வால்வுப் பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். குமிழி வந்தது வால்வு முகத்திலிருந்து இல்லை. ரெகுலேட்டரைக் கையால் திருகும் டின் சக்கரத்துக்கும் அடாப்டருக்கும் நடுவிலிருந்து ஊசி மாதிரி ஒரே வரிசை! கழற்றிப் பார்த்தால் ரெகுலேட்டர் மூக்கில் இருக்கும் ஓ-ரிங்கில் நகம் பட்டது போல ஒரு கீறல்.

யோக்கில் ஓ-ரிங் சிலிண்டரோடு வரும், டின்னில் ரெகுலேட்டரோடு வரும். அடாப்டர் போட்டால் ரெண்டுமே சரியாக இருக்கணும், அதாவது ஒழுக ரெண்டு இடம். எனக்கு அதுவரை இது உறைக்கவே இல்லை. ரெண்டு அளவிலும் நாலு நாலு ஓ-ரிங் இப்போ ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கேன்.

* * *

நல்லா கண்டுபிடிச்சீங்கம்மா. நானும் ஒன்று சேர்க்கிறேன். டைவ் முடிந்ததும் அடாப்டரை ரெகுலேட்டரிலேயே விட்டுவிட்டேன், சோம்பல். மரைக்குள் இருந்த உப்புத் தண்ணீர் காய்ந்து, ஒரு மாதம் கழித்து இரண்டும் ஒரே உடலாகிவிட்டன. வெந்நீரில் ஊறவைத்து, ரெகுலேட்டரைத் திட்டி, பிறகு என்னைத் திட்டிக் கழற்றினேன்.

எப்போதும் யோக் சிலிண்டர்தான் என்றால் அடாப்டரை விட்டுவிட்டு, சர்வீஸ் செய்பவரிடம் சொல்லி ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் முன்பகுதியையே யோக்காக மாற்றிக்கொள்ளலாம். பல மாடல்களுக்கு அதற்கான உதிரி கிடைக்கிறது. வீட்டில் ஸ்பானர் வைத்துச் செய்ய வேண்டாம், அதற்குக் குறிப்பிட்ட முறுக்கு அளவு உண்டு.

ஐரோப்பாவில் டைவ் செய்யப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த வாயு) சிலிண்டரில் எம்26 வால்வு இருக்கலாம். சாதாரண டின்னை விடப் பெரிய மரை. ஆக்ஸிஜன் கூடிய வாயுவில் காற்று ரெகுலேட்டர் தவறிப்போய்க்கூட மாட்டக்கூடாது என்றுதான் அப்படி. அதற்கும் அடாப்டர் விற்கிறார்கள், வாங்கி மாட்டிவிட்டால் அந்தத் தடுப்பு போயிற்று. அப்புறம் வாயுவை அளந்து பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

முதலில் எழுதிய சாருக்கு ஒரு கேள்வி. கழற்றிய இன்சர்ட்டைத் திரும்ப மாட்டினீர்களா? அது இல்லாமல் சிலிண்டர் கீழே விழுந்தால் வால்வு வாய் நசுங்கும். துளி நசுங்கினாலும் பிறகு டின்னும் ஏறாது, இன்சர்ட்டும் ஏறாது.

* * *

கேட்டீர்களே! இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஜாக்கெட் பையைத் துழாவினேன். உள்ளே ஒன்று கிடக்கிறது. எந்தச் சிலிண்டருடையது என்று தெரியவில்லை. நாளைக்கே அந்தப் படகுக்காரருக்குப் போன் போட வேண்டும்.