பள்ளி கவர்னர் குழுவில் பெற்றோர்: தேர்தலா, நியமனமா?

ஹரோ கணக்காளர்:
இங்கிலாந்தில் உள்ளூராட்சி நடத்தும் பள்ளிகளுக்கெல்லாம் கவர்னர் குழு உண்டு. பள்ளியின் போக்கைத் தீர்மானிப்பது, தலைமை ஆசிரியரிடம் கணக்குக் கேட்பது, பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலை. 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி குறைந்தது 7 பேர்; அவர்களில் 2 பேராவது பெற்றோர் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். இந்தத் தேர்தலே வேண்டாம் என்பது என் கட்சி. வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரை நியமியுங்கள். தன் பிள்ளையின் வகுப்பாசிரியர் மீதுள்ள மனக்குறையைத் தூக்கிக்கொண்டு வருபவரால் குழுவுக்கு என்ன பயன்?

ஈஸ்ட்ஹாம் அம்மா:
அண்ணா, ஏறக்குறைய இதையே 2016இல் அரசும் சொல்லிப் பார்த்தது. உள்ளூராட்சிக்குக் கீழ் வராமல் அரசுப் பணத்தில் நடக்கும் அகாடமிப் பள்ளிகளில் பெற்றோருக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை என்று வெள்ளை அறிக்கை, அதாவது அரசின் கொள்கைத் திட்டம், வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டில் கைவிட்டார்கள். கணக்குத் தெரிந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கென்று நியமன இடங்கள் இருக்கின்றன, திறமை பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மிச்சமுள்ள இரண்டு இடங்களிலும் ஏன் கை வைக்கிறீர்கள்?

ஹரோ கணக்காளர்:
எத்தனையோ பள்ளிகளில் ஆளே நிற்பதில்லை, தங்கச்சி. போதிய வேட்பாளர் இல்லாவிட்டால் குழுவே ஒரு பெற்றோரை நியமித்துக்கொள்ளலாம் என்று விதி இடம் தருகிறது. பிறகு பெயரளவுக்கு ஒரு தேர்தல் எதற்கு?

லூட்டன் கவர்னர்:
நான் நியமனத்தில் வந்தவன். ஆனாலும் தேர்தல் பக்கம்தான் நிற்கிறேன். ஒரு மாணவனை நிரந்தரமாக நீக்கினால், அந்த முடிவை 15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் பரிசீலிக்க வேண்டும். அப்படி ஒரு விசாரணையில் மூவர் அமர்ந்திருந்தோம். தாய்க்கு ஆங்கிலம் வராது. தன்மீது சுமத்தப்பட்ட குற்றங்களை அந்தப் பையனே வரிவரியாகத் தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களில் ஒருவர் வழக்கறிஞர். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நானும்தான். "நிறுத்துங்கள், மொழிபெயர்ப்பாளர் வராமல் இதைத் தொடரக் கூடாது" என்றவர் தேர்தலில் வந்த பெற்றோர். அந்தக் கண் எந்தப் பட்டத்தோடும் வருவதில்லை.

ஈஸ்ட்ஹாம் அம்மா:
ஆள் ஏன் நிற்பதில்லை என்றும் கேளுங்கள். நம்மவர்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறார்கள்: மண்டப வாடகை, ஆசிரியர் ஏற்பாடு, வரவுசெலவு, ஆண்டு விழா எல்லாம் அவர்கள் தலையில். அதே ஆட்கள் பள்ளியிலிருந்து தேர்தல் அறிவிப்பு வந்தால் "அதெல்லாம் படித்தவர்களுக்கு" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. சம்பளமில்லாத பணி, அதுவும் வழக்கமாக 4 ஆண்டுகள். கவர்னர் வேலைக்கு நியாயமான நேரம் விடுப்புத் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தரச் சொல்லவில்லை. பெட்ரோல் நிலையத்தில் மணிக்கணக்குக்கு வேலை செய்பவர் எப்படி வருவார்?

ஹரோ கணக்காளர்:
வருவதற்கு வழி செய்யட்டும், மறுக்கவில்லை. ஆனால் வாக்கு வாங்கியதாலேயே கணக்குப் புரிந்துவிடாது. பயிற்சி பெறாதவர் முதல் கூட்டத்திலேயே பள்ளியின் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்துவதை ஏற்க மாட்டேன். பயிற்சியைச் சட்டப்படி கட்டாயமாக்குங்கள். அதுவரை என் வாக்கு நியமனத்துக்கே.

லூட்டன் கவர்னர்:
கட்டாயமாக்கலாம். நியமனத்தில் வருபவருக்கும் சேர்த்து. நீக்க விசாரணையில் என்ன கேட்க வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.