வீட்டில இருந்து வேலை: கரண்ட் பில்லை வரியில கழிக்கேலுமோ?

கேள்வி: கிளிநொச்சியில வீட்டு முன் அறையில இருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு டிசைன் வேலை செய்யிறன், காசு டொலரில பாங்குக்கு வருது, இந்த வருசம் 18 இலட்சம் தாண்டும் போல. கரண்ட் பில், ரவுட்டர் பில், லப்டொப் இதுகளைச் செலவாக் காட்டலாமோ? கரண்ட் பில் அப்பான்ட பேரில.

பதில் 1: தம்பி, 2017 இன் 24 ஆம் இலக்க இறைவரிச் சட்டப்படி உழைப்புக்காகச் செலவழிச்சதைக் கழிக்கலாம், வீட்டுச் செலவைக் கழிக்கேலாது. அப்ப முழு பில்லையும் போடாம, அறையின்ர அளவையும் வேலை நேரத்தையும் பாத்து ஒரு பங்கைப் போடுங்கோ, எப்பிடிக் கணக்குப் பாத்தனீங்கள் எண்டதையும் எழுதி வையுங்கோ, கேட்டா அதுதான் கைகுடுக்கும். அப்பான்ட பேரில இருக்கிற பில்லை உங்கட எக்கவுண்டால கட்டுங்கோ, ஆதாரம் இருக்கும். நெல்லு மூட்டை அடுக்கின அறையை மட்டும் ஒஃபிஸ் எண்டு காட்டிப்போடாதேங்கோ 😄

பதில் 2: லப்டொப்பை ஒரே வருசத்தில கழிக்க விடாங்கள், 5 வருசத்துக்குப் பிரிச்சுத்தான். வேலைக்குப் பாவிக்கிற பங்கு மட்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணை. டொலர் காசுக்கு வேற கணக்கெண்டு சொல்லுறாங்கள்?

பதில் 1: ஓம், 2025 ஏப்ரலில இருந்து வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு அந்நியச் செலாவணியா பாங்குக்கு வாற வருமானத்துக்கு ஆகக்கூடினது 15 வீதம். வருசத்துக்கு ஆளுக்குக் கிடைக்கிற 18 இலட்சக் கழிவை வரி போட முன்னமே கழிச்சிடுவாங்கள், அதால சின்னச் சின்ன பில்லுக்கு மண்டையை உடைக்கிறதில பெரிசா இலாபம் வராது, நெட் பில்லையும் சொஃப்ட்வெயார் சந்தாவையும் ஒழுங்காச் சேருங்கோ. வரி வருசம் மார்ச் 31 இல முடியும், வரி ரிட்டேர்னை நவம்பர் 30 க்குள்ள குடுக்கோணும்.