படகு பேட்டரிக்கு கட்-ஆஃப் சுவிட்ச்: எது எது அதன் வழியாகப் போக வேண்டும்?

தூண்டில்முள்:
வணக்கம். 16 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், ஒரே ஒரு 12 வோல்ட் 60 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. இரண்டு வாரம் படகைத் தொடாமல் விட்டால் போதும், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன தடவை கயிறு இழுத்துத்தான் கிளப்பினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஃபிஷ் ஃபைண்டர், விளக்கு, ஸ்டீரியோ, தளம் கழுவும் பம்ப், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் எல்லாமே நேராக பேட்டரி முனையில் தொங்குகின்றன. பார்த்தால் காக்கா கூடு மாதிரி இருக்கும். நெகட்டிவ் பக்கம் ஒரு சுவிட்ச் போட்டு மொத்தத்தையும் துண்டித்துவிடலாமா? காரில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பழையதோணி:
வேண்டாம் தம்பி. ‘மொத்தத்தையும்’ என்றீர்களே, அங்கேதான் நான் மாட்டினேன். சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மூன்று ராத்திரி மழை. பில்ஜ் பம்பும் அதே சுவிட்சுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பி வந்தபோது படகு இருக்கை வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தது, பேட்டரியும் முங்கிக்கிடந்தது. தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓடவிடும் மிதவை சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கும், கரண்ட்தான் வரவில்லை.

ஆகவே பில்ஜ் பம்புக்குத் தனி வழி: பேட்டரி பாசிட்டிவ், தனி ஃப்யூஸ், மிதவை சுவிட்ச், பம்ப். எத்தனை ஆம்ப் ஃப்யூஸ் என்று பம்பின் மேலேயே போட்டிருக்கும்.

சுவிட்சைப் பாசிட்டிவ் பக்கம் வையுங்கள். நெகட்டிவை மட்டும் துண்டித்தால், எஞ்சின் உடம்பு, ஆன்டெனா ஒயரின் உறை என்று எங்காவது புகுந்து கரண்ட் திரும்பப் பார்க்கும். அந்த ஒயர்கள் அதற்குப் போட்டவை அல்ல.

மற்றவற்றுக்கு வரிசை: பேட்டரி, மெயின் ஃப்யூஸ், சுவிட்ச், ஃப்யூஸ் பாக்ஸ், அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. நெகட்டிவ் எல்லாம் ஒரு பஸ்பாரில் (பல ஒயர்களை ஒன்றாக முடுக்கும் உலோகப் பட்டை) சேர்ந்து, ஒரே தடித்த ஒயராக பேட்டரிக்கு வரட்டும். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. ஃப்யூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. ஃப்யூஸுக்கு முந்தைய துண்டு எங்காவது உரசினால் அதைத் தடுக்க ஆளில்லை.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃப்யூஸ் பாக்ஸ் 4 மீட்டர் தள்ளி இருந்து, எல்லாம் சேர்ந்து 20 ஆம்ப் இழுக்கிறது என்று வைப்போம். போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர். 2.5 சதுர மி.மீ. ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 10 சதுர மி.மீ. போட்டால் சுமார் 0.3 வோல்ட்தான். நான் இரண்டாவதைத்தான் போடுவேன். ஈயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள், வெறும் செம்பு உப்புக்காற்றில் கறுத்துப்போகும்.

அலைவரிசை:
ஒன்று சேர்க்கிறேன். எஞ்சின் ஒயரையும் சுவிட்ச் வழியாக விடுவதானால், எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பவே கூடாது. சார்ஜ் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறி, எஞ்சின் தரும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரைச் சுட்டுவிடும். பெட்ரோல் டேங்க் அருகில் வைப்பதாக இருந்தால், தீப்பொறி வெளியே வராதபடி மூடிய படகு வகை சுவிட்ச்தான் வேண்டும்.

தூண்டில்முள்:
நன்றி அண்ணா. வேலையைத் தொடங்குமுன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் அணைத்த நிலையில் 110 மில்லி ஆம்ப்! ஒரு நாளைக்கு 2.6 ஏஎச், 15 நாளில் கிட்டத்தட்ட 40. பேட்டரி பாவம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் ஸ்டீரியோ மட்டுமே 80 குடிக்கிறது.

நேற்று நீங்கள் சொன்னபடியே மாட்டினேன். சுவிட்சை அணைத்தால் மீட்டரில் பூஜ்யம். மிதவையைக் கையால் தூக்கினேன், பம்ப் உறுமியது. ஒரே குறை, ஸ்டீரியோ ஒவ்வொரு தடவையும் நிலையங்களை மறந்துவிடுகிறது. அதன் மெமரி ஒயரை மட்டும் நேராக பேட்டரிக்குக் கொடுக்கலாமா?

பழையதோணி:
கொடுக்கலாம், சின்ன ஃப்யூஸோடு. ஆனால் அந்த 80 அந்த ஒயர் வழியாகத்தான் போகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அப்படியானால் மறக்கட்டும், விடுங்கள்.